நாய் உடையவரும் நகர் துடைப்பவரும்

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறை, ஏறிக்கொண்டே போகும் விலைவாசி என்று எழுத வேண்டிய விடயங்கள் எத்தனையோ காத்துக் கிடக்கையில், நாயின் மலத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். என் சக ஆசிரியர் ஒருவரும் இதையே கேட்டார். "எழுதுவதற்கு உமக்கு வேறு பொருள் அகப்படவில்லையா?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லுகிறேன். மேலோர், கீழோர் என்னும் பாகுபாடு சட்டப் புத்தகங்களிலும் சம்பளப் பட்டியல்களிலும் மட்டும் வாழவில்லை. விடியற்காலையில் நாய்க்காக வாயிற்கதவைத் திறந்துவிடும் கையிலும் அது வாழ்கிறது. அந்தக் கையைப் பற்றியும், அது விட்டுச் சென்றதை அள்ளுகின்ற இன்னொரு கையைப் பற்றியுமே இங்கு பேச விரும்புகிறேன்.

கண்டி மாநகருக்கு அழகு அதன் வாவி. இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல், வயல் நிலமாகக் கிடந்த பள்ளத்தை அணைகட்டி மறித்து இதனை ஆக்குவித்தான். இராசகாரியம் என்னும் கூலியற்ற கட்டாய உழைப்பினால் எழுந்தது இது. சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்கள் ஒரு சாரார். கரையில் நின்று அழகு பார்த்தவர்கள் மற்றொரு சாரார். இன்று வாவியைச் சுற்றிச் செல்லும் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நடைபாதை எல்லோருக்கும் பொதுவானது. ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும், நீரிழிவுக்காக வைத்தியர் நடக்கச் சொன்ன வியாபாரியும், வெள்ளை உடுத்துத் தலதா மாளிகைக்குச் செல்லும் மூதாட்டியும், பரீட்சைப் பயத்தோடு குறிப்புப் புத்தகத்தைப் புரட்டியபடி நடக்கும் மாணவனும் அங்கே ஒரே பாதையில் நடக்கிறார்கள். நம் நாட்டில் இப்படி எல்லோரும் சமமாக நடக்கக்கூடிய பாதைகள் அதிகமில்லை. அதனாலேயே அந்தப் பாதை எனக்குப் பிரியமானது.

அந்தப் பாதையில் தலையையும் காலையும் ஒருங்கே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கரையோர மரங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூட்டங்கூட்டமாகத் தங்குகின்றன. அவற்றின் எச்சம் நடைபாதையை வெள்ளையடித்துவிடுகிறது. விபரம் தெரிந்தவர்கள் வெயிலோ மழையோ இல்லாத வேளையிலும் அந்த மரங்களின் கீழே குடை பிடித்துக்கொள்வார்கள். இதற்காக எவரையும் நொந்து பயனில்லை. பறவைக்கு உடையவர் இல்லை. கீழே கிடப்பதன் கதை வேறு. அதை விட்டுச் சென்ற நாய்க்கு உடையவர் உண்டு.

நாய் உடையவர்களில் இரு வகையினரைக் கண்டிருக்கிறேன். முதல் வகையினர் சங்கிலியோடு வருபவர்கள். அல்சேஷனோ லப்ரடோரோ அவர்களை இழுத்துக்கொண்டு வரும். நடைபாதையின் நடுவிலே நாய் குந்துகின்ற அந்தக் கணத்தில், கனவானுக்கு மறுகரை மலையின் வனப்புத் திடீரென்று புலப்படுகிறது. நாய் எழுந்திருக்கும் வரையில் அவர் இயற்கையை இரசிக்கிறார். எழுந்ததும் இரசனை தீர்ந்துவிடுகிறது. சங்கிலியைச் சுண்டிவிட்டு நடையைத் தொடர்கிறார். இரண்டாம் வகையினர் வீதிக்கே வருவதில்லை. வாவிக்கு மேலே குன்றுகளில் ஏறிச்செல்லும் ஒழுங்கைகளில் பெரிய மதில்களும் இரும்புக் கதவுகளும் உடைய வீடுகள் இருக்கின்றன. காலை ஐந்தரை மணிக்குக் கதவு ஒரு முழம் திறக்கும். நாய் வெளியே ஓடும். அயல் வீட்டு மதிலோரத்திலோ, பஸ் தரிப்பிடத்திலோ, பாடசாலை மைதானத்திலோ தன் கடனைக் கழித்துவிட்டுத் திரும்பும். கதவு மூடிக்கொள்ளும். வீட்டு முற்றத்தில் புல் பச்சைப் பசேலென்று துப்புரவாக இருக்கும். இதிலே சிங்களவர், தமிழர் என்ற பேதமில்லை. இன ஒற்றுமைக்கு நம் ஊரில் உள்ள அபூர்வமான சான்றுகளில் இதுவும் ஒன்று.

உடையவரில்லாத நாய்களும் நம் வீதிகளில் உண்டென்பதை மறக்கவில்லை. ஆனால், அவையும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் கடுவன்களை வைத்துக்கொண்டு, பெண் குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையோரத்திலும் விகாரை வாசலிலும் இரவோடிரவாக வைத்துவிட்டுப் போகும் வழக்கம் நாடெங்கும் உண்டு. இன்றைய வீதி நாயின் பாட்டி நேற்றைய வீட்டு நாய். ஆகவே அங்கும் தேடினால் ஓர் உடையவர் அகப்படுவார்.

நாயின் மேல் எனக்குப் பகையில்லை. வாயில்லாப் பிராணி வயிற்றை அடக்கிக்கொள்ள முடியுமா? பாரதக் கதையின் முடிவில் தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்று தருமன் மறுத்தான். நம் கனவானும் நாயைக் கைவிடுவதில்லை. நாய் விட்டதை மட்டும் கைவிட்டு வீடு புகுகிறார். நாயின் மீதுள்ள அன்பு நாயோடு வருகின்ற கடமையையும் ஏற்றுக்கொண்டால்தான் அது அன்பு. மற்றபடி அது ஓர் அலங்காரம்.

இது வெறும் அருவருப்பின் பிரச்சினையாக இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்துவிடலாம். இதிலே உயிரியல் இருக்கிறது. நாயின் குடலில் வாழும் டொக்சோகாரா கானிஸ் என்னும் உருண்டைப் புழு ஆயிரக்கணக்கான முட்டைகளை மலத்தோடு வெளியேற்றுகிறது. நாய்க்குட்டிகள் பெரும்பாலும் தாயின் கருவிலிருக்கும்போதே இப்புழுவைப் பெற்றுவிடுகின்றன. மண்ணிலே விளையாடிய விரலைக் குழந்தை வாயில் வைக்கும்போது முட்டை உள்ளே போகிறது. அதிலிருந்து வெளிவரும் நுண்புழு குடலைத் துளைத்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும், சில வேளைகளில் கண்ணுக்கும் செல்கிறது. புற்றுநோய்க் கட்டியென்று ஐயுற்று அகற்றப்பட்ட குழந்தைகளின் கண்களை ஆராய்ந்த அமெரிக்க நோயியலாளர் ஹெலெனர் வைல்டர் என்னும் பெண்மணி, அவற்றுட் பலவற்றில் இருந்தவை நுண்புழுக்களே என்று 1950இல் வெளியிட்டார்.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாய் அப்போதே கழித்த மலத்திலுள்ள இந்த முட்டை உடனடியாக நோய் தருவதில்லை. மண்ணிலே சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே அது தொற்றும் வலிமையைப் பெறுகிறது. அதன் பின்னர் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலுங்கூட உயிரோடு கிடக்கும். கண்டி மழைக்குப் பேர்போன ஊர். ஒரு மழை போதும், மலம் கரைந்து கண்ணுக்கு மறைந்துவிடும். முட்டை மண்ணிலே தங்கிவிடும். சபையின் தொழிலாளி ஏழு மணிக்கு வந்து எவ்வளவுதான் கருத்தாகக் கூட்டினாலும், மிதிபட்டுப் பரவியதையும் மழையில் கரைந்ததையும் அவரால் மீட்க முடியாது. ஆபத்தை அடியோடு தடுக்கக்கூடியவர் ஒருவரே. அவர் அந்தக் கணத்தில் நாயின் பக்கத்தில் நின்று மலையழகை இரசித்துக்கொண்டிருக்கிறார்.

நம் தீவின் பெயரையே தாங்கிய புழுவும் ஒன்று உண்டு. அன்சைலோஸ்டோமா செய்லானிகம் என்னும் கொக்கிப்புழு இலங்கையிற் பிடிபட்ட புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து எடுக்கப்பட்டு, 1911இல் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞரால் பெயர் சூட்டப்பெற்றது. நாயிலும் பூனையிலும் வாழும் இப்புழு மனிதனின் குடலிலும் வளர்ந்து இரத்தம் உறிஞ்ச வல்லது. ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து அது உட்புகுகிறது. வெறுங்காலோடு நடப்பவர் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கொக்கிப்புழு என்றதும் மலையகத்தின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. ரொக்கபெல்லர் அறநிலையத்தார் 1916இல் இந்நாட்டுத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். அப்போது தொழிலாளர் பாதணியின்றி உழைத்தனர். அவர்கள் குடியிருந்த லயன்களில் மலகூடங்கள் இல்லை, இருந்தாலும் போதவில்லை. மருந்து கொடுப்பதைத் துரைமார்கள் வரவேற்றார்கள். மலகூடம் கட்டச் செலவிடுவதற்குப் பலர் தயங்கினார்கள். மருந்துண்டு தேறியவன் மறுபடியும் அதே மண்ணை மிதித்து அதே நோயைப் பெற்றான். பழியோ தொழிலாளியின் 'அசுத்தப் பழக்கத்தின்' மேல் விழுந்தது. துப்புரவைப் பற்றி ஏழைக்கு உபதேசம் செய்யும் உரிமை தமக்குண்டு என்று வசதி படைத்தவர்கள் அன்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இன்றும் தளரவில்லை. தம் நாய் வீதியை மலகூடமாக்குவதை மட்டும் அவர்கள் அசுத்தம் என்ற கணக்கிலே சேர்ப்பதில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். நான் பணியாற்றும் பாடசாலையின் மைதானத்துக்கு ஒரு பக்கம் மதில் இல்லை. அப்பக்கத்து ஒழுங்கையில் வாழும் சில வீட்டாரின் நாய்கள் காலைக் கடன் கழிப்பது அங்கேதான். சிரமதானம் நடந்த ஒரு வெள்ளிக்கிழமை பத்தாந் தர மாணவர்கள் மைதானத்தைத் துப்புரவு செய்தார்கள். கடதாசி பொறுக்கினார்கள், புல் செதுக்கினார்கள். நாயின் மலம் கிடந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் விலகி நின்றார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "டேய், அவனக் கூப்பிடுங்கடா. அவனுக்குத்தான் பழக்கம்."

ஒரு சிரிப்பலை எழுந்தது. பெயர் சொல்லாமலே அந்த 'அவன்' யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது. மைதானத்தின் மறுகோடியில் நின்ற அவன் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியோடு வந்தான். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வருபவன். அவனுடைய தகப்பனார் மாநகர சபையில் சுகாதாரத் தொழிலாளி, குடியிருப்பு மஹியாவையில். பாடசாலைப் பதிவேட்டில் அவன் கொடுத்திருந்த முகவரியோ வேறோர் ஊரிலுள்ள அத்தை வீட்டு முகவரி.

"மண்வெட்டியை என்னிடம் தா, தம்பி" என்றேன்.

"பரவாயில்ல சேர், நானே அள்ளுறேன்" என்று தலை நிமிராமலே சொன்னான்.

"நீ அள்ளக் கூடாது என்று கேட்கவில்லை. எல்லோரும் அள்ள வேண்டும் என்று கேட்கிறேன்."

வாங்கி, ஒரு தடவை நான் அள்ளிப் புதைத்தேன். பிறகு மண்வெட்டியை வகுப்புத் தலைவனிடம் நீட்டினேன். அது கைமாறிக் கைமாறிச் சென்றது. அன்று எவரும் மறுபடி சிரிக்கவில்லை. எனினும் அந்த ஒரு வாக்கியம் என் காதை விட்டு அகலவில்லை. 'அவனுக்குத்தான் பழக்கம்.' பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? நம் பாடத்திட்டத்தில் இது இல்லை. பிள்ளைகள் வரும் வழியிலேயே, காலைதோறும் கண்ணாற் கண்டு கற்ற பாடம் இது.

மறுவாரம் மாணவர்கள் அந்த ஒழுங்கை வீட்டாருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்கள். நானும் அவர்களோடு சென்று வீடு வீடாகக் கொடுத்தேன். சிலர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒரு முதியவர் அன்றிலிருந்தே நாயைச் சொந்த முற்றத்தில் விடத் தொடங்கினார். ஒரு வீட்டுக்காரர் மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் சபைக்கு வரி கட்டுகிறேன். கூட்டுவதற்கு ஆள் இருக்கிறது. நீங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

கூட்டுவதற்கு ஆள் இருக்கிறது! அந்த ஆள் யார்? எப்படி அங்கே வந்து சேர்ந்தார்? வரி கட்டும் பெரியவர் அறியவேண்டிய வரலாறு இது.

1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகளை வழங்கியது. சபை வந்தால் வீதி கூட்டவும் மலவாளி சுமக்கவும் ஆட்கள் வேண்டும். தோட்டத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்த ஆங்கிலேயர் ஆட்சி, நகரத்துப்புரவுக்கும் அங்கிருந்தே ஆள் சேர்த்தது. அங்கே எந்தச் சாதிகளைத் துப்புரவுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார்களோ, அந்தச் சாதிகளிலிருந்தே சேர்த்தது. கடல் கடந்து வந்தவர்களோடு சாதியும் கடல் கடந்து வந்து, சபையின் வேலைப் பதிவேட்டில் இடம்பிடித்துக்கொண்டது. கட்டுகஸ்தோட்டை வீதியிலுள்ள மஹியாவையில் அவர்களுக்கென நெருக்கமான குடியிருப்புகள் அமைந்தன. தகப்பனின் விளக்குமாறு மகனுக்கு வந்தது. தகழி சிவசங்கரப்பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதி, சுந்தர ராமசாமி தமிழாக்கிய 'தோட்டியின் மகன்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பரம்பரைச் சொத்தின் பாரம் தெரியும். ஆலப்புழையின் கதை அது, கண்டிக்கும் அந்நியமன்று.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்திய வம்சாவளித் தமிழர் மிகப்பெரும்பாலோரைப் போல் இவர்களும் நாடற்றவர்களாயினர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மனிதர்களை எண்ணிக் கணக்கிட்டு இரு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேதான் முடிவு பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இந்நகரின் பிரசைகள் காலாற நடப்பதற்காக வீதியைத் துடைத்த மக்களிற் பலர், அந்தக் காலமெல்லாம் இந்நாட்டின் பிரசைகளாகவே இருக்கவில்லை. இன்று வாக்குரிமை உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மஹியாவை என்று முகவரி எழுதும் துணிவுதான் பிள்ளைகளுக்கு இன்னும் வரவில்லை.

மாணவனின் தகப்பனாரை ஒருநாள் காலை வாவிக்கரையில் தள்ளுவண்டியோடு கண்டேன். வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. "அள்ளுறது பெரிசில்ல சேர், அது பொழைப்பு" என்றார். "மழ பேஞ்சா வெளக்குமாத்துல வராது, தகரத்தால சொரண்டணும், அதுவும் பரவாயில்ல. ஒரு பெரிய மனுசன் நான் கூட்டிக்கிட்டு நிக்கிறப்பவே பக்கத்துல நாய விடுவாரு. முடிஞ்சதும் என்னைப் பாத்துக் கையக் காட்டிட்டுப் போவாரு. நாய்க்கு வாய் நெறைய ஒரு பேரு வச்சிக் கூப்பிடுறாரு. என்னைய எத்தன வருசமா பாக்குறாரு, 'ஏய்' தான். அதத்தான் சேர் தாங்க முடியல."

அவருடைய கையில் கையுறை இல்லை. கேட்டேன். கொடுத்தது கிழிந்துபோயிற்று என்றும், அடுத்தது வரும்போது வரும் என்றும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிச் சென்றார்.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப்பார்த்தேன். தீவிலே நாய்களைப் பற்றிய சட்டங்கள் பழமையானவை. விசர் நாய்க்கடிக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1893இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இலும் வந்தன. பொதுத் தொல்லைகளைத் தண்டிக்கும் கட்டளைச் சட்டம் 1862ஆம் ஆண்டுக்குரியது. ஆக, கருவி இல்லாமலில்லை. அரசும் மக்களும் மனம்வைத்தால் நாய்களால் வரும் கேட்டைக் குறைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 1973இல் இந்நாட்டில் விசர் நோயால் மாண்டோர் 377 பேர். தடுப்பூசி இயக்கத்தினால் அத்தொகை இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. 2006 தொடக்கம் வீதி நாய்களைக் கொல்லும் வழக்கமும் அரசின் கொள்கையாகக் கைவிடப்பட்டது. உயிரைக் கொல்லாமலே நோயை வெல்லலாம் என்று நாம் கற்றிருக்கிறோம்.

1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலே இன்னும் சுவையான விதி ஒன்றைக் கண்டேன். வீதியிலிருந்து சபை சேகரிக்கும் குப்பை கூளமெல்லாம் சபையின் சொத்தாகும் என்கிறது அது. சட்டம் இயற்றியோர் உரத்தை மனதிற்கொண்டு இவ்வாறு எழுதியிருக்கலாம். ஆனால் அதன் நீதி இன்று எப்படி முடிகிறது பாருங்கள். நாய் தனிச்சொத்து. அதன் காவல் தனிச்சொத்து. அதன் அழகும் அந்தஸ்தும் தனிச்சொத்து. அதன் மலம் மட்டும் பொதுச்சொத்து! இலாபம் ஒருவருக்கு, அழுக்கு ஊருக்கு என்கிற இந்தக் கணக்கை நாம் ஆலைகளிலும் தோட்டங்களிலும் கண்டிருக்கிறோம். ஆற்றில் கழிவை விடும் ஆலை முதலாளியும் வீதியில் நாயை விடும் வீட்டு முதலாளியும் ஒரே பள்ளியில் கணக்குப் படித்தவர்கள்.

வெளி உலகம் இப்பிரச்சினையை இரு வழிகளில் அணுகியிருக்கிறது. பாரிஸ் நகரம் 1980களில் ஒரு புதுமை செய்தது. பச்சை உடை அணிந்த தொழிலாளர் மோட்டார் சைக்கிளில் ஏறி, நடைபாதையிலுள்ள நாய் மலத்தைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டு சென்றார்கள். பெரும் பணம் செலவாயிற்று. மலம் முற்றாக நீங்கவில்லை. தமக்குப் பின்னால் ஒருவர் வருவார் என்று அறிந்த உடையவர் ஏன் குனியப் போகிறார்? 2000க்குப் பிந்திய சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, உடையவருக்கு அபராதம் விதிக்கும் வழிக்கு நகரம் திரும்பியது. நியூயோர்க்கோ 1978இலேயே நாய் உடையவரே அள்ள வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வரக் கண்டது. நடக்கக்கூடிய காரியமா என்று அன்று நகைத்தவர் பலர். ஆனால் நடந்தது. வீதியிலே குனிந்து அள்ளுவது கௌரவக் குறைவு என்னும் எண்ணம் மெல்ல மாறி, அள்ளாமற் போவதே கௌரவக் குறைவு என்றாயிற்று. ஸ்பெயின் தேசத்தில் புருனேத்தே என்னும் சிற்றூரார் 2013இல் செய்த வேடிக்கையும் அறியத்தக்கது. அள்ளாமற் செல்லும் உடையவரோடு தொண்டர்கள் பேச்சுக் கொடுத்து நாயின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். பதிவேட்டில் முகவரியைக் கண்டுபிடித்து, அந்த மலத்தைப் பெட்டியில் பொதிந்து, 'காணாமற்போன பொருள்' என்று எழுதி வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

இவற்றிலிருந்து நமக்குப் பெறப்படுவது ஒன்றே. எந்த நகரம் உடையவருக்குப் பின்னால் ஒரு தொழிலாளியை நிறுத்திவைத்ததோ, அந்த நகரம் தோற்றது. எந்த நகரம் உடையவரையே குனியவைத்ததோ, அது வென்றது. பின்னால் நிறுத்துவதற்கென்று ஒரு சாதியையே கைவசம் வைத்திருக்கும் நம் நாட்டில் இந்தப் பாடம் இருமடங்கு பொருந்தும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நாயோடு புறப்படுகையில் ஒரு பழைய பத்திரிகைத் தாளை மடித்து எடுத்துச் செல்ல எவருக்கும் வறுமை தடையில்லை. அள்ளி, வீட்டுத் தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில், கறிச்செடிகளுக்கு அப்பால், ஆழமாகப் புதைக்கலாம். நாய்க்குக் காலந்தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கலாம். கால்நடை மருத்துவ பீடத்தைக் கொண்ட பேராதனைப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரத்தில் இருக்கையில், கேட்டறிய ஆளில்லை என்று கண்டியார் சொல்ல முடியாது. சபை நாய்ப் பதிவைச் சடங்காக நடத்தாமல் உண்மையாக நடத்தலாம். வரும் பணத்தைத் தொழிலாளரின் கையுறைக்கும் காலணிக்கும் ஒதுக்கலாம். வாவிக்கரையில் ஒருவரைத் தடுத்து நிறுத்தி, பழைய சட்டப் புத்தகத்தைத் தூசு தட்டி ஒரேயொரு அபராதம் விதித்தாலும் போதும். செய்தி மாலைக்குள் குன்றுகளெல்லாம் ஏறிவிடும்.

கையுறை கொடுத்துவிட்டால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்கும் மாணவ நண்பர்கள் இருப்பார்கள். ஒழியாது. வேலைக்குத் தக்க ஊதியமும், மனிதர் வாழத்தக்க வீடும், அந்தக் குடியிருப்பிலிருந்து எழுந்து வேறு தொழிலுக்குப் போவதற்கான கல்வியும், ஸ்தாபன பலமும் வேண்டும். அவற்றுக்கான போராட்டம் நீண்டது. அதை நாய்ச் சங்கிலியால் நடத்த முடியாது. எனினும் ஒருவன் கழித்ததை இன்னொருவன் அள்ளுவதே இயற்கை என்ற எண்ணம், அந்தப் போராட்டத்தின் வாசலில் படுத்துக் கிடக்கிறது. அதைத் தாண்டாமல் உள்ளே போக வழியில்லை.

வரி கட்டிய பெரியவர் என்னைப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பணித்தார் அல்லவா? அவர் சொல்லைத் தட்டவில்லை. இப்போது எங்கள் பாடசாலையில் சிரமதானத்தின் போது நாய் மலம் அள்ளுவதற்கு வகுப்புப் பெயர்ப்பட்டியல் வரிசையில் முறை வைத்திருக்கிறோம். ஆசிரியர்களும் அதில் உண்டு. பெற்றோர் இருவர் வந்து ஆட்சேபித்தார்கள். தங்கள் பிள்ளைகளைத் தோட்டி வேலைக்கு அனுப்பவில்லை என்றார்கள். வேறொருவரின் பிள்ளையை எந்த வேலைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று அவர்களிடம் நான் கேட்டேன். பதில் வரவில்லை. ஆயினும் முறை தொடர்கிறது. நாயை வளர்ப்பவர் வளர்க்கட்டும்; அதற்கு இனிய பெயரும் சூட்டட்டும். அது வீதியில் விட்டதை அவரே குனிந்து எடுக்கட்டும். அப்படிக் குனிந்த ஒருவருக்கு, அடுத்த முறை வீதி கூட்டுபவரை 'ஏய்' என்று அழைப்பது அவ்வளவு எளிதாக இராது.